உள்ளே மடித்த முகம்

"யாரோன்னு ஒருத்தர் போட்டோவுல நிக்க மாட்டாங்க."

பைக்காரம்மா அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. தெருவில் எல்லாரிடமும் சொல்லும். என்னிடமும் ஒரு நாள் சொல்லுச்சு. அன்றிலிருந்து அந்தம்மாவைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்வேன். நல்லவளா கெட்டவளா என்று இன்றைக்கும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்தவளும் இல்லை. எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அது ஒரு வசதி.

அந்தம்மா எங்கள் தெருவுக்கு வந்தது கொரோனாவுக்கு ரெண்டு வருஷம் முன்னால். திருவொற்றியூரில், ஹார்பருக்குப் போகிற டிரைலர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. முனையில் சைக்கிள் கடை காலியான இடத்தை வாடகைக்கு எடுத்தாள். ஒரு தையல் மெஷின், ஒரு கட்டில், ஒரு பிஸ்கட் டின் நிறைய நூல்கண்டு, இவ்வளவுதான் சாமான். வயசு நாற்பது இருக்கும். புருஷன், பிள்ளை என்று யாரும் கூட வரவில்லை. கதவில் ஒரு அட்டை தொங்கவிட்டாள். பழைய குடும்பப் போட்டோவில் பை தைத்துத் தரப்படும் என்று எழுதியிருந்தது.

போட்டோவில் எப்படிப் பை தைப்பது என்று முதலில் எங்களுக்குப் புரியவில்லை. கொண்டு போகிற போட்டோவை வாசல் வெளிச்சத்தில் வைத்து போனில் படம் பிடிக்கும். அசலை அங்கேயே, அந்த நிமிஷமே திருப்பிக் கொடுத்துவிடும். வண்ணாரப்பேட்டையில் துணி மேல் படம் அடிக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். அங்கே கொடுத்து, கெட்டித் துணியில் பெரிசாக அடித்துச் சுருட்டிக்கொண்டு வரும். அதை வெட்டிக் கைப்பிடி வைத்துத் தைத்தால் பை. செத்துப்போன மாமனார் தோளில் துண்டோடு பையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே அரைக் கிலோ கத்திரிக்காய் இருக்கும்.

"மூஞ்சில கருவாடு வெச்சி எடுத்துகினு போறதா? பாவம் புடிக்கும்" என்று சிலர் சொன்னார்கள். ஆனாலும் வந்தார்கள். வளைகாப்புக்கு, கிரகப்பிரவேசத்துக்கு, கடைத் திறப்புக்கு என்று வந்துகொண்டே இருந்தார்கள். பிளாஸ்டிக் பை கொடுக்கக் கூடாது என்று அப்போது கெடுபிடி வேறு.

அந்தம்மா தைப்பதை நான் நிறைய நேரம் பார்த்திருக்கிறேன். பால் வாங்கப் போகிற வழி அதுதான். மூக்கு நுனியில் கண்ணாடி, உதட்டில் நாலு குண்டூசி. குண்டூசியை எடுக்காமலே பேசும். ரோட்டில் டிரைலர் போகும்போதெல்லாம் காலை மிதியிலிருந்து எடுத்துவிடும். தரை அதிர்ந்தால் ஊசி விலகி முகத்தின் மேல் ஏறிவிடுமாம். "ஊசி மூஞ்சி மேல போவக் கூடாது. மத்தது எங்க வேணா போலாம்" என்னும். எங்கள் ரோட்டில் நிமிஷத்துக்கு ஒரு டிரைலர் போகும். நின்று நின்றுதான் தைக்கும். அவ்வளவு பொறுமையாக இருக்கிற மனுஷர்களை நான் நம்புவதில்லை. எங்கள் மாமியார் அப்படித்தான் இருந்தார்.

இனி முக்கியமான விஷயம். பழைய போட்டோ எல்லாம் அகலம். ஸ்டூடியோவில் குடும்பத்தையே வரிசையாக நிற்க வைத்து எடுத்தது. பை அவ்வளவு அகலம் கிடையாது. சின்னதாக அடித்தால் முகமெல்லாம் அரிசி மாதிரி ஆகிவிடும். அதனால் ஓரத்தில் நிற்கிற யாராவது ஒருத்தர் மடிப்புக்குள் போக வேண்டும். இதற்காக அந்தம்மா ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் கேட்கும். ஆள்காட்டி விரலைப் போட்டோவில் படாமல் ஒரு நூல் உயரத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாக நகர்த்தும்.

"இது யாரு? கீறாங்களா?"

இருக்கிறாரா, போய்விட்டாரா என்று. எல்லா முகமும் கேட்டு முடித்த பிறகு கடைசிக் கேள்வி வரும்.

"இப்போ சொல்லு. யாரை உள்ள மடிக்கணும்?"

ஜனங்கள் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்கள். அதுதான் எனக்குப் பயம். இந்தச் சித்தப்பாவை மடி, அந்த நாத்தனாரை மடி என்று பட்டென்று சொன்னார்கள். எந்த வீட்டில் யாருக்கு யாரைப் பிடிக்காது என்று வந்த ஆறே மாசத்தில் அந்தம்மாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

வேற டைலர் என்றால் மடித்துத் தைத்த பிறகு மிச்சத் துணியைக் கத்தரித்து விடுவார்கள். இந்தம்மா கத்தரிக்காது. மிச்சத்தை அப்படியே உள்பக்கம் திருப்பி, ஓரம் அடித்து, பட்டி மாதிரி தைத்துவிடும். படம் அடித்த பக்கம் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும். பையை விரித்து எட்டிப் பார்த்தால், வேண்டாம் என்று சொன்ன ஆள் இருட்டுக்குள் நின்றுகொண்டு நம்மையே பார்ப்பார்.

முதலில் மாட்டினது அரிசி மண்டிக்காரர். தெற்கத்திக்காரர். கடையின் இருபத்தஞ்சாவது வருஷத்துக்கு, அப்பா காலத்துப் போட்டோவைப் போட்டு வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கப் பை கேட்டார். கூடப் பிறந்த தம்பி பிரிந்து போய் எதிர்ப்பக்கமே கடை போட்டிருந்தான். அவனை மடிக்கச் சொன்னார். அந்தம்மாவும் மடித்தாள். பத்து நாளில் தம்பி ஒரு பையோடு தெருமுனைக்கு வந்து நின்று கத்தினான்.

"ஏம்மா, என்னைய அரிசிக்குள்ள பொதைக்கச் சொன்னானா எங்கண்ணன்? நீயும் பொதைச்சிட்டியோ?"

"பொதைக்கலபா" என்று மெஷினிலிருந்து எழுந்திருக்காமல் சொல்லுச்சு. "உள்ள வெச்சிருக்கேன். அவரு மடின்னாரு, மடிச்சேன். வெட்டுன்னு சொல்லல."

"சொல்லியிருந்தா வெட்டியிருப்பியா?"

"வேற டைலராண்ட போவச் சொல்லியிருப்பேன்."

அவன் பையை விரித்து விரித்துப் பார்த்தான். என்ன நினைத்தானோ, பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் அண்ணன் வந்து கத்தினார். அப்புறம் ரெண்டு பேரும் ரோட்டில் நின்று ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டார்கள். பேச்சே இல்லாமல் இருந்தவர்கள் திட்டியாவது பேசினார்கள் என்று எதிர்வீட்டுப் பாத்திமா சொன்னாள். நான் அப்படி நினைக்கவில்லை. வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே போனதை வெளியே எடுப்பதற்கென்றே வந்தவள்.

பாத்திமா அந்தம்மாவுக்குத் தோஸ்து. அவளும் முதலில் பட்டவள்தான். அவள் மாமியார் வீட்டுப் போட்டோவில் பின்வரிசையில் ஒரு ஆள் நின்றார். யாரோ என்று சொல்லியிருக்கிறாள். அந்தம்மா விடவில்லை.

"யாரோன்னு ஒருத்தர் போட்டோவுல நிக்க மாட்டாங்கக்கா. அந்தக் காலத்துல போட்டோன்னா சும்மாவா? தலைக்கு எண்ணெ வெச்சி, வெள்ளச் சொக்கா போட்டுகினு, ஸ்டூடியோவுக்கு நடந்து போவணும். ரோட்டுல போறவனக் கூப்ட்டு நிக்க வைப்பாங்களா? கேட்டுகினு வா. அப்பாலதான் துணி வெட்டுவேன்."

"என் மாமியாரு ரெண்டு நாளா சோறு துண்ணல ஆயா" என்று பாத்திமா என்னிடம் சொல்லிச் சிரித்தாள். "அந்த ஆளு பேரு தொண்டைல கீது, வாய்ல வரமாட்டேங்குதாம். மூணாம் நாள் சாம்பார் தாளிக்க சொல்ல கத்துது, காதர் பாய், காதர் பாய்னு. வெள்ளம் வந்தப்போ எங்க மாமனாரத் தோள்ல தூக்கினு வந்தவராம். இத்தினி வருஷமா வூட்டுல ஒருத்தரும் அவரு பேச்சே எடுத்ததில்ல."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு போட்டோ இருந்தது. என் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில், நியூஸ்பேப்பர் சுற்றி வைத்திருந்தேன். அந்தம்மா இருக்கிற வரைக்கும் அது வெளியே வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

வந்துவிட்டது. பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாம்பூலப் பையில் போட பழைய குடும்பப் போட்டோ வேண்டும் என்று அவள் அப்பாவைக் கேட்டிருக்கிறாள். என் மகன் சேகர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன், எதையும் தேடினால் விடமாட்டான். நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்திருக்கிறான். நான் திரும்பி வரும்போது போட்டோ கையில்.

"ம்மா, இத்த ஏன் மறைச்சி வெச்சிருந்த? செமையா கீது. வா, பைக்காரம்மாண்ட போலாம்."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனான். சந்தோஷமாக இருந்தான். என்ன சொல்லி நிறுத்துவது?

ராயபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது அது. நடுவில் ரெண்டு நாற்காலி. ஒன்றில் எங்கள் வீட்டுக்காரர், இன்னொன்றில் மாமியார், அவர் மடியில் ஒரு வயசுக் குழந்தையாகச் சேகர். பின்னால் கொழுந்தனார். இந்த ஓரத்தில் நான், இருபத்திரண்டு வயசு, தலையைக் குனிந்துகொண்டு. அந்த ஓரத்தில் எட்டு வயசில் ஒரு பெண், ரெட்டைச் சடை, தலை நிமிர்ந்து, கேமராவைப் பார்த்துக்கொண்டு.

பைக்காரம்மாவின் விரல் நகர ஆரம்பித்தது. இது யாரு, கீறாங்களா. சேகர் ஒவ்வொன்றாகச் சொன்னான். அப்பா, போய்ட்டாரு. ஆயா, போய்ட்டாங்க. சித்தப்பா, போய்ட்டாரு. இது நான்தாங்க, சிரிக்காதீங்க. இது அம்மா. விரல் கடைசி ஓரத்துக்கு வந்து நின்றது.

"இது யாருமா?" என்று சேகரே என்னைக் கேட்டான்.

"யாரோ" என்றேன். "போட்டோ எடுக்க சொல்ல பக்கத்துல நின்னுச்சி. பக்கத்து வூட்டுப் பொண்ணு."

"அப்போ அத்த உள்ள மடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அவன் போன் வந்து வெளியே போனான்.

அந்தம்மா உதட்டிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அப்படி எடுத்து நான் பார்த்ததே இல்லை.

"பெரிம்மா. யாரோன்னு ஒருத்தர் போட்டோவுல நிக்க மாட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்தக் கொழந்த கழுத்துல பாரு, செயினு. தொப்புள் வரைக்கும் தொங்குது. பெரியவங்க செயினு. உன் கழுத்துல பாரு, மஞ்சக் கயிறு மட்டும்தான் கீது. யாரோ பொண்ணுக்கு ஒருத்தி தன் செயினக் கழட்டிப் போடுவாளா?"

என் காலடியில் டிரைலர் போனது போல் இருந்தது.

"ஒரு ஓரத்துல நீ, ஒரு ஓரத்துல அது. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் வெளிய நிக்க முடியும். உன் புள்ள சொல்லிட்டாரு. ஆனா போட்டோ உன்னுது. வியாழக்கிழமை காலைலதான் துணி வெட்டுவேன். அதுக்குள்ள வந்து சொல்லு. உன்னைய மடிக்கவா, அத்த மடிக்கவா?"

அந்தப் பெண் எங்கள் வீட்டுக்காரரின் அக்கா மகள். அதன் அம்மா செத்துப்போன பிறகு ஆறு வயசில் எங்களிடம் வந்தது. நான் கல்யாணமாகி வந்த புதுசு. என்னை முதல் முதலில் அத்தே என்று கூப்பிட்டது அதுதான். சேகர் பிறந்த பிறகு அவனை இடுப்பிலிருந்து இறக்கவே இறக்காது. போட்டோ எடுக்கிற அன்றைக்கு என் செயினைப் பார்த்துக்கொண்டே நின்றது. கழற்றிப் போட்டேன். ஸ்டூடியோ படி இறங்கும்போதே மாமியார் கண்ணைக் காட்டினார், வாங்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் வேலை நின்றுபோனது. பம்பாயில் பெரிய வீடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், படிக்கவும் வைப்பார்கள் என்று மாமியாருக்குத் தெரிந்த ஒரு அம்மாள் வந்தார். வீட்டுக்காரர் ரெண்டு நாள் சண்டை போட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்தது நான்தான்.

"எப்போ வரணும் அத்தே?" என்று கேட்டது.

"தீபாவளிக்கு" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

ரெண்டு கடுதாசி வந்தது. அப்புறம் நாங்கள் போட்ட கடுதாசி திரும்பி வந்தது. இட்டுக்கொண்டு போன அம்மாளும் வீடு மாறிவிட்டார். வீட்டுக்காரர் ஒரு தடவை பம்பாய்க்கே போய்த் தேடிவிட்டு வந்தார். அப்புறம் சாகிற வரைக்கும் வீட்டில் அந்தப் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. கொழுந்தனார் போனார், மாமியார் போனார், வீட்டுக்காரரும் போனார். சேகருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

பிறகு எப்படி இவளுக்குத் தெரிந்தது? செயினைப் பார்த்துக் கண்டுபிடித்தாள் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நம் வீட்டுப் போட்டோவைப் பிடிக்கத்தான் ஊரில் இருக்கிற போட்டோவையெல்லாம் கேட்டு வாங்கியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பத்தஞ்சு இருக்கும். இவளுக்கு நாற்பது. தங்கச்சி முறையா? அது வேலைக்குப் போன வீட்டு ஆளா? என் மகன் முன்னால் என்னை நிறுத்திக் கேள்வி கேட்க வந்தவளா? ரெண்டு நாள் இதே யோசனை.

பாத்திமாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், அவங்களுக்கு எந்த ஊரு என்று.

"மூலக்கொத்தளம் ஆயா. அவங்கம்மா இன்னும் அங்கதான் இட்லி வியாபாரம். போன வாரம் வந்துச்சே, குண்டா, மூக்குத்தி போட்டுகினு, நீ பாக்கல? மூஞ்சி ஒரே அச்சு."

பார்த்திருந்தேன். ஒரே அச்சுதான். அதற்கப்புறம் என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மூலக்கொத்தளத்தில் பிறந்தவள் பம்பாய்க்குப் போயிருக்க மாட்டாளா என்று இன்னொரு வழியில் போனது.

வியாழக்கிழமை காலையில் பால் வாங்கப் போகிற சாக்கில் கிளம்பினேன். என்னை மடி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ரெண்டே வார்த்தை. கிழவி பையில் இல்லாவிட்டால் கல்யாணம் நின்றுவிடுமா? வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போனால் அங்கே என் மருமகள் அமுதா உட்கார்ந்திருக்கிறாள், கைப்பிடிக்கு என்ன கலர் என்று பேசிக்கொண்டு. மேஜையில் துணி விரித்திருந்தது. நான் அவ்வளவு பெரிசாக என்னை எப்போதும் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணும் பெரிசாக இருந்தது.

அந்தம்மா கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா பெரிம்மா?"

"ஒன்னியும் இல்ல" என்றேன். "பால் வாங்க வந்தேன்."

அந்தம்மா துணிப் பக்கம் குனிந்தாள். பால் வாங்கக் கையில் தூக்குவாளிகூட எடுத்து வராமல் வந்திருந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கல்யாணம் மாதவரம் பக்கம் ஒரு மண்டபத்தில். முன்னூறு பை. மேஜையில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் நாங்கள் அஞ்சு பேர், கீழே பேத்தி பேரும் மாப்பிள்ளை பேரும். எல்லாரும் புகழ்ந்தார்கள். பந்தி முடித்து வருகிறவர்களுக்கு அமுதா தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுத்தாள். நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது உள்ளே எட்டிப் பார்க்கிறார்களா, யாராவது?

மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறை, வயசானவங்க, தேங்காய் சின்னதோ என்று பார்க்கப் பையை விரித்தார்கள்.

"இன்னாடி இது? உள்ள ஒரு பொண்ணு நிக்குது! சம்பந்தி, யாரு இது? செயினெல்லாம் போட்டுகினு, லட்சணமா கீது."

சேகர் எட்டிப் பார்த்தான். சிரித்தான்.

"அது யாரோங்க. போட்டோ எடுக்க சொல்ல பக்கத்துல நின்னுச்சாம். இல்லம்மா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பந்தியில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து வரிசையில், பைக்காரம்மா இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. நிமிரவில்லை. காதை மட்டும் என் பக்கம் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

"ஆமா" என்றேன்.

அவள் இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள்.

கல்யாணம் முடிந்து நாலாம் நாள், எனக்குத் தாங்கவில்லை. அந்தம்மா கடைக்குப் போய் நின்றேன். பிறந்ததிலிருந்து யாரிடமும் சண்டைக்குப் போனவள் இல்லை நான்.

"யாரு உன்னை அனுப்பினது? சொல்லு. கஸ்தூரிதானே அனுப்பினா?"

அந்தம்மா மெஷினை நிறுத்தினாள். டிரைலர் எதுவும் போகவில்லை.

"பேரு கஸ்தூரியா?" என்றாள். "நல்லா கீது பேரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாத பேரை, நம்பவே கூடாது என்று நினைத்தவளிடம் நானே கொண்டு வந்து கொடுத்துவிட்டேன்.

"என்னைய யாரும் அனுப்பல பெரிம்மா. நான் பை தைக்கறவ. நீ சொல்லித்தான் பேரே தெரியும்."

"அப்போ ஏன் உள்ள வெச்சித் தச்ச? வெட்டிப் போட்டிருக்கக் கூடாதா?"

"உன்னைய ரெண்டு வாட்டி கேட்டேன். நீ வாயத் தொறக்கல. உன் புள்ள மடின்னாரு, மடிச்சேன்." குண்டூசியை உதட்டில் வைத்துக்கொண்டாள். "முன்னூறு பை போயிருக்குது. மீஞ்சூரு, எண்ணூரு, எங்கெங்கியோ. மாப்ள வூட்டு ஆளுங்க பம்பாய்லேர்ந்து கூட வந்தாங்களாமே. பையி ஊரு சுத்தும் பெரிம்மா. நீயும் நானும்தான் சுத்த முடியாது."

பம்பாய் என்று ஏன் சொன்னாள்? மாப்பிள்ளை வீட்டில் பம்பாய்க்காரர்கள் வந்தது நிஜம்தான். அதைச் சொன்னாளா, வேறு எதையாவது சொன்னாளா? கேட்காமலே வந்துவிட்டேன். அந்தப் பேரைத் தெருவில் யாரிடமாவது சொல்வாள் என்று மாசக்கணக்கில் காத்திருந்தேன். சொல்லவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன். இவ்வளவு அடக்கமாக வைத்துக்கொள்கிறவள் எதற்காக வைத்துக்கொள்கிறாள்?

கொரோனாவில் கல்யாணம், காட்சி எல்லாம் நின்றுபோய், ஒரு நாள் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று பாத்திமாவுக்கும் தெரியாது. போகும்போது என் வீட்டுப் பக்கம் திரும்பி, "வரேன் பெரிம்மா" என்றாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். அந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை.

எங்கள் வீட்டில் மிச்சம் ஒரு பை இருந்தது. ரேஷனுக்கு எடுத்துப் போகிற பையாக ஆகி, சமையல்கட்டு ஆணியில் தொங்கியது. கைப்பிடி கறுத்துப்போனது, தையல் ஒரு இடத்தில் கூட விடவில்லை. போன மாசம் ஒரு நாள், துவைத்துக் காயப்போட்டதைத் திருப்பாமலே ஆணியில் மாட்டிவிட்டேன். பையைத் திருப்பினால் நாங்கள் அஞ்சு பேரும் உள்ளே போய்விடுகிறோம். வெளியே வெறும் வெள்ளைத் துணி. ஓரத்தில் கஸ்தூரி மட்டும், ரெட்டைச் சடையோடு, செயினோடு.

அப்படியே விட்டுவிட்டேன்.

"இன்னா அத்தே, பைய திருப்பி மாட்டிக்கீற?" என்றாள் அமுதா.

"காயட்டும்" என்றேன்.

சேகர் டூட்டிக்குப் போகும்போது பார்த்து நேராக்கி மாட்டினான். அவன் போனதும் நான் திருப்பி மாட்டினேன். மறுநாளும் நேராக்கினான். மறுநாளும் திருப்பினேன். இப்படி நாலு நாள். அஞ்சாம் நாள் அவனுக்கு லீவு. ரேஷனுக்குப் போகப் பையை எடுத்தவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"ம்மா, இன்னா ஆச்சி உனக்கு? நான் நேராக்கறேன், நீ திருப்பற. பேஜாரா கீது. இந்தப் பொண்ணுல இன்னா கீது?"

"பேரு கஸ்தூரி" என்றேன்.

"யாரு?"

"உன் அத்தை பொண்ணு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி செத்துப்போன அத்தை. உன்னைய இடுப்புல வெச்சிகினு இந்தத் தெருவெல்லாம் சுத்தினது அதான். ஒம்போது வயசுல பம்பாய்க்கு வூட்டு வேலைக்கு அனுப்பிட்டோம். துணிய மடிச்சிக் குடுத்தது நான். தீபாவளிக்கு வான்னு சொன்னேன்."

அவன் பையையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே டிரைலர் ஒன்று போய், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"யாரோன்னு சொன்னியேம்மா. மண்டபத்துல. அத்தினி பேர் முன்னாடி என்னையும் சொல்ல வெச்சியே."

"சொன்னேன்."

திட்டுவான் என்று நினைத்தேன், திட்டினால் நல்லாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவன் ஆள்காட்டி விரலை அந்த முகத்துக்கு மேல், துணியில் படாமல் வைத்தான். பைக்காரம்மா வைக்கிற மாதிரியே இருந்தது.

"கீறாங்களா?" என்று கேட்டான்.

"தெரியாதுபா."

ரேஷன் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பையோடு இறங்கிப் போனான். நான் ஜன்னலுக்கு வந்து நின்றேன். பிரியாணிக் கடை வாசலில் யாரோ அவனை நிறுத்திப் பையைக் காட்டி என்னமோ கேட்டார்கள். அவன் நின்று பதில் சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. பையை அவன் நேராக்கவில்லை.